மொட்டைச் செயினும் றோலர் கைட்டும்: செயின்சோ பல்லைக் கையாலேயே அராவுவது எப்படி

வாள் தன்பாட்டில் மரத்துக்குள் இறங்காமல், நீங்கள் மேலே நின்று அமத்த வேண்டியிருக்கிறதென்றால் செயின் மொட்டை. வேறு சோதனை தேவையில்லை. ஆனாலும் கீழே விழுகிறதையும் ஒருக்கால் பாருங்கள். கூரான செயின் துண்டு துண்டாகச் சிராய் போடும், மொட்டைச் செயின் குரக்கன் மா மாதிரித் தூளைக் கொட்டும். அந்தத் தூளையும் மூக்கால் இழுத்துக்கொண்டு இன்னொரு டாங்க் பெற்றோல் அடித்து ஓட்டுகிற ஆட்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். செயின் சுற்றி ஓடுகிற பார் சூடாகும், ஒயில் புகையும், கை மரத்துப் போகும், கடைசியில் "மிசின் இழுவை காணாது" என்று பழி முழுக்க மிசினுக்கு.

யாழ்ப்பாணத்தில் செயின் மொட்டையானால் வழமையாக இரண்டில் ஒன்றுதான் நடக்கும். கடையில் கொடுத்து கிரைண்டரில் பிடிப்பிப்பார்கள், இல்லாவிட்டால் மரத்தடியிலேயே குந்தியிருந்து ஒரு வட்ட அரத்தால் கண்மதிப்பில் இழுப்பார்கள். கிரைண்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. செயின் பிடிக்கவென்றே இருக்கிற கிரைண்டரும் பொறுமையான ஆளும் அமைந்தால் பல்லெல்லாம் ஒரே நீளத்தில் அழகாக வரும். ஆனால் வரிசையில் ஐந்தாறு செயின் கிடக்கிற நேரத்தில் கல்லை அழுத்திப் பிடித்தால் பல் நுனி சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் உருக்கின் பதம் போச்சு. சில பல்லில் கூர் நிற்காது, சில பல் இறுகிப்போய் அடுத்த தரம் அரம் வைத்தால் பிடிக்காமல் வழுக்கும். அதோடு கல் ஒவ்வொரு தரமும் தேவைக்கு மேலாகத் தின்கிறது. வெறுங்கையால் அராவுகிறதில் வேறு கரைச்சல். கை பழகியவர்கள் அருமையாகச் செய்வார்கள், மற்றவர்களுக்கு வலப்பக்கப் பல் ஒரு சாய்விலும் இடப்பக்கப் பல் இன்னொரு சாய்விலும்தான் வரும், ஏனென்றால் மனிதனுக்கு ஒரு பக்கம் கை இலகுவாக ஓடும், மற்றப் பக்கம் ஓடாது.

றோலர் கைட் என்கிற சின்னத் தகடு இந்த இடத்துக்குத்தான் வந்தது. விலை பெரிதில்லை, கரண்ட் வேண்டாம், சேர்ட் பொக்கெற்றுக்குள் போகும். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அது செய்வது இரண்டே இரண்டு வேலை: அரம் பல்லில் எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்பதையும், எந்தச் சாய்வில் ஓட வேண்டும் என்பதையும் பிடித்து வைக்கும். எத்தனை தரம் தள்ளுகிறீர்கள், எவ்வளவு அமத்துகிறீர்கள், எந்தப் பல்லை எப்போது விடுகிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் கைதான்.

பல்லைக் கிட்ட வைத்துப் பாருங்கள்

அரத்தைத் தொட முதல் ஒரு பல்லை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மேலே தட்டையாக ஒரு தகடு, பக்கத்தில் செங்குத்தாக ஒரு தகடு, இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு மூலை. உண்மையில் வெட்டுகிறது அந்த மூலைதான். மரநாரைப் பக்கத்தில் அறுத்து விடுவதும் அதுதான், மேல் தகடு பின்னால் வந்து அறுந்த நாரைச் சீவி எடுக்கிறது. பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கும். கூர் நிற்பது அந்தக் குரோமில். மண்ணில் முட்டிய செயினில் மூலையில் குரோம் உரிந்து வெறும் உருக்குத் தெரியும், அந்த உரிந்த பகுதி முழுக்கப் போகும்வரை அராவாவிட்டால் எவ்வளவு மினுங்கினாலும் கூர் அரை நாள் தாங்காது.

மொட்டையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெட்டு விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே திருப்புங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கினால் அது மொட்டை, ஏனென்றால் மழுங்கிய விளிம்புக்கு அகலம் உண்டு, அகலம் இருந்தால் வெளிச்சம் தெறிக்கும். கூரான விளிம்பில் தெறிக்க இடமில்லை, கறுப்பாகத் தெரியும். அராவும்போதும் இதே சோதனைதான்: வெள்ளைக் கோடு மறைந்துவிட்டதா, அந்தப் பல் முடிந்தது, அடுத்ததுக்குப் போங்கள்.

பல்லுக்கு முன்னால் சின்னத் திமில் ஒன்று நிற்கும், அதை றேக்கர் என்பார்கள். அது வெட்டாது. பல் எவ்வளவு ஆழம் மரத்தைக் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அது. பின்னால் இதற்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் வாள்களில் பாதிக்கு மேல் வருத்தம் அங்கேதான் கிடக்கிறது.

சரியான அளவு

கைட்டும் அரமும் செயினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் பொருந்தும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். முதலில் உங்கள் செயினின் பிட்ச், அதாவது றிவெற்றுக்கு றிவெற் உள்ள சராசரி இடைவெளி, எத்தனை அங்குலம் என்று பாருங்கள். ஸ்டில் கம்பனிச் செயினில் றேக்கரின் பக்கத்தில் ஒரு இலக்கம் குத்தியிருக்கும்: 2 என்றால் 0.325, 3 என்றால் 3/8, 4 என்றால் 0.404, 6 என்றால் சின்ன வாள்களுக்கு வருகிற தாழ்ந்த 3/8. ஒரிகன் கம்பனிச் செயினில் பாருக்குள் ஓடுகிற கால் துண்டில் பாருங்கள். 91 என்றால் தாழ்ந்த 3/8. 20, 21, 22 மூன்றும் 0.325. 72, 73, 75 மூன்றும் முழு 3/8. இலக்கம் தேய்ந்து அழிந்திருந்தால் அடுத்தடுத்த மூன்று றிவெற்றை எடுத்து முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் பிரியுங்கள். பிரிக்க முதல் 16.5 மி.மீ. வந்தால் 0.325, 18.6 அளவில் வந்தால் 3/8.

அரத்தின் கணக்கு இப்படி: தாழ்ந்த 3/8 க்கு 4.0 மி.மீ., 0.325 க்கு 4.8, முழு 3/8 க்கு ஸ்டில் 5.2 என்று சொல்லும், ஒரிகன் 5.5 என்று சொல்லும், 0.404 க்கு 5.5. இப்போது பரவலாக ஓடுகிற 52 சிசி, 58 சிசி சீன வாள்களில் பலதுக்கு 0.325 செயின்தான், அதனால் 4.8 அரம்தான் அதிகம் தேவைப்படும். அளவு தப்பினால் என்ன? மெல்லிய அரம் பல்லுக்குள் ஆழமாகக் கொக்கி போல வளைத்து விடும். வெட்டு விளிம்பு மெலிந்து, வெட்டத் தொடங்கினவுடன் மரத்தைப் பிடித்து இழுக்கும், பிறகு சட்டென்று மழுங்கும். தடித்த அரம் விளிம்பைப் பின்னால் சரிய விட்டுவிடும், பார்க்கக் கூர் மாதிரி இருக்கும், மரத்தில் சறுக்கும்.

றோலர் கைட்டை ஹஸ்க்வார்னா செய்கிறது, அதன் மாதிரியைப் பார்த்துச் செய்த மலிவு வகைகளும் இருக்கின்றன. ஹஸ்க்வார்னா ஒவ்வொரு செயின் வகைக்கும் தனித்தனிக் கைட் விடுகிறது. 0.325 க்கு உள்ளது 30 பாகைச் சாய்வு, 4.8 அரம். அவர்களுடைய முழு 3/8 செயினுக்கு உள்ளது 25 பாகை, 5.5 அரம். தாழ்ந்த 3/8 க்கு 30 பாகையும் 4.0 அரமும். வேறு கம்பனிச் செயினில் போடப் போகிறீர்களென்றால் பிட்ச் ஒத்தால் மட்டும் காணாது, கைட் செயினில் உட்கார்ந்த பிறகு ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆடினால் அது உங்களுடைய செயினுக்கில்லை.

ஸ்டில்லிடம் இரண்டு வட்ட அரமும் ஒரு தட்டை அரமும் ஒரே பிடிக்குள் பூட்டிய சாமான் ஒன்று உண்டு, பல்லும் றேக்கரும் ஒரே தள்ளலில் முடியும். நல்ல சாமான், விலை கூட. அது வேறு, இது வேறு.

வாளை அசையாமல் நிறுத்துவது

மடியில் வைத்து அராவாதீர்கள். வாள் அசைந்தால் கைட் இருந்தும் பிரயோசனமில்லை. வீட்டில் வைஸ் இருந்தால் பாரை அதில் பிடியுங்கள், செயின் சுழல இடம் விட்டு. தோட்டத்தில் நிற்கிறீர்களென்றால் தறித்த மரத்தின் அடிக்கட்டையில், இல்லாவிட்டால் ஒரு கனத்த பூவரசங் குற்றியில், வாளாலேயே நேராக ஒரு வெட்டு இறக்குங்கள். அந்த வெட்டுக்குள் பாரின் கீழ்ப்பாதியை இறக்கி, பாரின் இரண்டு பக்கமும் மெல்லிய ஆப்பு ஒவ்வொன்று செருகினால் வாள் அசையாது. செயினின் பல் பாரை விட அகலமாக வெட்டுகிறதால் கீழ்ச்செயினுக்குச் சுழல இடம் இருக்கும்.

எஞ்சின் நிற்க வேண்டும், பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள், கையுறை போடுங்கள். இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் சூடான எஞ்சினை ஓவ் பண்ணாமல் "கொஞ்சம் பொறு, இரண்டு பல்லுத்தானே" என்று அரம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செயினை வழமையை விடக் கொஞ்சம் இறுக்குங்கள். தொய்ந்த செயினில் அரம் தள்ளும்போது பல் பின்னால் சாய்ந்து கொடுக்கும், சாய்ந்த பல்லில் சாய்ந்த கூர்தான் வரும். அராவி முடிந்ததும் பழைய இறுக்கத்துக்கு விட மறக்க வேண்டாம். அராவும்போது செயின் பிரேக்கைப் போடுங்கள், அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது எடுங்கள்.

பிறகு துப்பரவு. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் பெற்றோல். இதைத் தட்டிக்கழிக்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் கைட்டுக்கு இது சாதாரண அரத்தை விட முக்கியம், ஏனென்றால் கைட் செயினின் மேல் உட்கார்ந்துதான் உயரத்தை அளக்கிறது. செயினில் ஒயிலும் தூளும் சேர்ந்து கட்டியாக அப்பியிருந்தால் கைட் அந்தளவு உயரும், அரமும் சேர்ந்து உயரும். வேப்பமரப் பிசினும் செம்மண்ணும் கலந்து காய்ந்தால் அதைக் கத்தி நுனியால்தான் சுரண்ட வேண்டிவரும்.

அராவுதல்

முதல் வேலை, ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் அடையாளம் போடுங்கள். எங்கே தொடங்கினோம் என்று தேடுகிற வேலை மிச்சம்.

கைட்டை எடுத்து அதன் அம்புக்குறி பாரின் நுனியைப் பார்க்கும்படி, அதாவது செயின் ஓடுகிற திசையைப் பார்க்கும்படி, செயினின் மேல் வைத்து அமத்துங்கள். தட்டையாக, அசைவில்லாமல் உட்கார வேண்டும். பல்லின் வெட்டு விளிம்பு றோலர்களின் நடுவில் திறந்த இடத்தில் தெரியும். இப்போது அரத்தை அந்தப் பக்கத்துப் பல்லுக்குரிய இரண்டு றோலரிலும் படிய வையுங்கள். அரம் றோலருக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் சாய்வு தன்பாட்டில் வரும், பாகைமானி ஒன்றும் தேவையில்லை.

பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளுங்கள். நீங்கள் பாரின் இடப்பக்கம் நின்றால் அராவ வேண்டியது வலப்பக்கப் பற்கள், அந்தப் பக்கத்துப் பல்லெல்லாவற்றையும் முடித்துவிட்டு மற்றப் பக்கம் போய் நின்று மிச்சத்தைச் செய்யுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் இடம் மாறி மாறி நின்றால் முதுகுதான் மிச்சம்.

அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். திரும்ப எடுக்கும்போது பல்லில் தேய்க்காமல் தூக்கி எடுங்கள். முன்னும் பின்னும் உரஞ்சினால் அரத்தின் வரிப் பற்கள் மடங்கிச் சீக்கிரம் மொட்டையாகும், பிறகு ஆட்கள் "இந்த அரம் சரியில்லை, உருக்கு மட்டம்" என்பார்கள். அமத்துகிற பலம் கீழ்நோக்கி அல்ல, பின்நோக்கி, பல்லுக்குள். கீழே அமத்த வேண்டியதில்லை, கீழ் உயரத்தை றோலர் பார்த்துக்கொள்கிறது. அரத்தின் முழு நீளத்தையும் பாவியுங்கள், குட்டிக் குட்டியாக இழுக்காதீர்கள், இடைக்கிடை அரத்தைக் கையில் கொஞ்சம் திருப்பி வையுங்கள், அப்போதுதான் ஒரே பக்கம் தேயாது. நன்றாக ஓடுகிற அரத்துக்கு ஒரு சத்தம் உண்டு, சீரான 'சர்ர்' என்று. கிறீச்சிட்டால் ஒன்றில் அரம் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் அந்தப் பல் எங்கேயோ இரும்பில் முட்டி இறுகியிருக்கிறது.

எத்தனை தள்ளல்? வழமையான மொட்டைக்கு மூன்று, நான்கு போதும். முதல் பல்லில் எத்தனை தேவைப்பட்டதோ அதையே எல்லாப் பல்லுக்கும் கொடுங்கள். பல்லெல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். சரிதான், ஆனால் ஒரு பல் மட்டும் ஆணியில் பட்டு உடைந்திருந்தால் அதற்காக மற்ற எல்லாவற்றையும் கட்டையாக்கிச் செயினின் ஆயுளைப் பாதியாக வெட்டுகிறது எனக்குச் சரியாகப் படவில்லை. உடைந்த பல்லை உடைவு போகும்வரை அராவி விடுங்கள், அதன் றேக்கரை அதற்கேற்ப இறக்குங்கள், அடுத்தடுத்த தடவைகளில் மற்றவை வந்து சேரும். மொத்த இடப்பக்கத்துக்கும் மொத்த வலப்பக்கத்துக்கும் இடையில் வித்தியாசம் வராமல் பார்த்தால் போதும். ஒரு பக்கம் நீளமாக, மற்றப் பக்கம் கட்டையாக அல்லது மொட்டையாக இருந்தால் வாள் கூரான பக்கத்துக்கு வளைந்து வளைந்து வெட்டும். குற்றியை அறுத்துப் பார்த்தால் வெட்டு முகம் தட்டையாக இல்லாமல் குழிந்து தெரியும். அப்படிக் கண்டால் பாரை மாற்ற ஓட முதல் பல்லை அளந்து பாருங்கள்.

றேக்கர்

ஒவ்வொரு தரமும் அராவும்போது பல் பின்னால் போகிறது. பல்லின் மேல் தகடு பின்பக்கமாகச் சரிந்திருக்கிறதால் பின்னால் போகப் போக வெட்டு விளிம்பு பதிகிறது. முன்னால் நிற்கிற றேக்கர் மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. பிறகென்ன, பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடுகிறது றேக்கர்தான். "இப்பத்தான் அராவினேன் அண்ணை, ஆனாலும் வாள் இறங்குதில்லை" என்று யாராவது சொன்னால் பத்தில் ஒன்பது தடவை விஷயம் இதுதான். கடையில் கிரைண்டர் பிடித்துத் தருகிறவர்களில் பலர் றேக்கரைத் தொடுவதேயில்லை, அவர்களைக் கேட்டால் "அது தொடக்கூடாத இடம்" என்பார்கள்.

விளிம்புக்கும் றேக்கருக்கும் உயர வித்தியாசம் சாதாரண செயின்களுக்கு 0.65 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். கண்ணால் மதிக்க முடியாத அளவு. ஹஸ்க்வார்னா கைட்டின் ஒரு முனையிலேயே இதற்கான நீண்ட துவாரம் வெட்டியிருக்கும், இரண்டு பக்கம், ஒன்று மெது மரத்துக்கு, மற்றது வைர மரத்துக்கு. பல்லின் மேல் அதை வைத்தால் றேக்கர் துவாரத்துக்குள் வந்து நிற்கும். தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதைத் தட்டை அரத்தால் சீவி விடுங்கள். தகடு கடினப்படுத்தியது, அரம் அதில் வழுக்கும், வழுக்கத் தொடங்கினால் அளவு வந்துவிட்டது. ஒன்றும் துருத்தவில்லையா, விட்டுவிடுங்கள், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இரண்டு இழுவை இழுக்க வேண்டாம். முடிந்த பிறகு றேக்கரின் முன் மூலையை லேசாக உருட்டி விடுங்கள், இல்லாவிட்டால் சதுர மூலை மரத்தில் இடிக்கும்.

எந்தப் பக்கத்தைப் பாவிப்பது? எங்கள் மரங்களுக்கு வைர மரத்துக்கான பக்கம்தான். முருங்கையும் முள்முருக்கும் மெதுதான், ஆனால் அதற்கென்று யார் தனிச் செயின் வைத்திருக்கிறார்கள்? பனை, புளி, வேம்பு, வன்னியிலிருந்து வருகிற பாலை, முதிரை இவற்றில் மெது மரத்து அளவில் இறக்கிய செயினைப் போட்டால் பல் தாங்க முடியாத அளவு கடிக்கும், வாள் உதறும், எஞ்சின் திணறும், பார் நுனி எங்கேயாவது பட்டால் வாள் முகத்துக்கு எகிறுகிற ஆபத்தும் கூடும். வேகமாக வெட்டுமென்று சொல்லி றேக்கரை மொத்தமாகச் சீவித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே மரத்தில் வேலை செய்யாதீர்கள்.

ஒவ்வொரு தரமும் றேக்கர் பார்க்கத் தேவையில்லை. மூன்று நான்கு தரம் அராவின பிறகு ஒரு தரம் தகட்டை வைத்துப் பாருங்கள்.

பனை, மண், இரும்பு

கைட்டின் தாளில் எழுதியிருக்கிறதெல்லாம் குளிர் நாட்டு மரங்களை நினைத்து எழுதியது. இங்கே நிலைமை வேறு.

பனையில் வெளிப்பக்கம் கறுத்த வைரம், உள்ளே சோத்தி. வைரத்தில் இருக்கிற அந்தக் கறுப்பு நார் கம்பி கம்பியாகப் பல்லைத் தேய்க்கும், ஒரு பெரிய பனையைத் துண்டு போட்டு முடிக்க முதலே வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கிவிடும். பனையில் சிராய் பார்த்து மொட்டையைக் கண்டுபிடிக்கவும் முடியாது, நாரும் தூளுமாகத்தான் எப்போதும் விழும், அதனால் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டாங்க் பெற்றோலுக்கும் வாளை நிறுத்துகிறீர்கள்தானே, எஞ்சின் ஆறுகிற அந்த இடைவெளியில் பல்லுக்கு இரண்டு தள்ளல் கொடுத்தால் முழு மொட்டைக்கே போகாது. (பெண் பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு வாளை எடுங்கள்.)

கைமரத்துக்காகப் பனையை நீளவாக்கில் பிளக்கிறவர்களுக்கு ஒன்று: நீளவாக்கில் அறுக்கும் செயினுக்கு 10 பாகைச் சாய்வு. இந்தக் கைட்டில் அது வராது. 30 பாகைச் செயினாலும் நீளவாக்கில் அறுக்கலாம், மெதுவாகப் போகும், முகம் சொரசொரப்பாக வரும்.

மண் பனையை விட மோசம். கொடிகாமம், மிருசுவில் பக்கத்து மணலோ உரும்பிராய்ச் செம்மண்ணோ எதுவானாலும், ஓடுகிற செயின் ஒரு கணம் நிலத்தில் முட்டினால் போதும், ஒரு நாள் வேலையின் கூர் போய்விடும். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது முழுதாகக் கீழ்வரை வெட்டாமல் முக்கால்வாசியில் நிறுத்தி, மரத்தைப் புரட்டிப்போட்டு மிச்சத்தை வெட்டுங்கள். புயலுக்கு வேரோடு சாய்ந்த மரம் என்றால், 2020 இல் புரெவிக்குப் பிறகு வளவுகளில் கிடந்த மாதிரி, அடிமரம் முழுக்க மண் அப்பியிருக்கும். வெட்டப் போகிற இடத்தை முதலில் கோடாலியால் பட்டை சீவிவிட்டு வாளை வையுங்கள். இப்படியான வேலைக்கு மூலை உருண்ட செயின்தான் வாங்க வேண்டும். மூலை சதுரமான செயின் சுத்தமான மரத்தில் வேகமாகப் போகும், ஆனால் தூசி மண்ணில் அதன் மூலைதான் முதலில் போகும், அது போனால் எல்லாம் போச்சு.

இரும்பு விஷயம் உங்களுக்கே தெரியும். வேலிக் கதியாலாக நட்டுப் பெருத்த பூவரசுக்குள்ளும் வேம்புக்குள்ளும் முட்கம்பி, ஆணி, கட்டுக்கம்பி விழுங்கப்பட்டுக் கிடக்கும். அதோடு பழைய மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும். சண்டை நடந்த முகமாலை, நாகர்கோவில், பளைப் பக்கத்துப் பனை என்றால் நான் கேட்காமலே இருக்குமென்று எடுத்துக்கொள்வேன், மரம் அரிகிற ஆலைக்காரர்களும் அப்படித்தான். பட்டையில் மூடிய தழும்பு, வெட்டு முகத்தில் கருநீலக் கறை, இரண்டில் எதைக் கண்டாலும் அந்த இடத்தை ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். வெடிக்காத சாமான் மாதிரி எதையாவது கண்டால் வாளை வைத்துவிட்டு விலகி ஆட்களுக்கு அறிவியுங்கள், அது அராவுகிற விஷயமில்லை.

இரும்பில் முட்டிய செயினை உடனே அராவ உட்காராதீர்கள். முதலில் கழற்றி ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள், வெடிப்பு இருக்கிறதா, றிவெற் தளர்ந்திருக்கிறதா என்று. இருந்தால் அது கழிவு. இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக, அடிபட்ட பக்கத்துப் பல்லுக்குக் கூடுதலான தள்ளல் கொடுத்து, குரோம் விளிம்புவரை வரும்வரை அராவுங்கள். எட்டுப் பத்துத் தள்ளலில் அரம் வழுக்கினால் அந்தப் பல்லுக்கு மட்டும் புதிய அரத்தை எடுங்கள். இதற்காகத்தான் வேலைக்குப் போகும்போது இரண்டாவது செயின் ஒன்று பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது, மரத்தடியில் செயினை மாற்றிவிட்டு வேலையை முடிக்கலாம்.

செயின் எப்போது முடிந்தது? பல்லின் மேல் தகட்டில் பின்பக்கம் ஒரு சாய்ந்த கோடு போட்டிருப்பார்கள், அதைத் தொட்டால் முடிந்தது. கோடு இல்லாத செயினில் மேல் தகடு 4 மி.மீ. அளவுக்கு வந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள், அதற்கு மேல் அராவினால் பல் முறிந்து பறக்கும்.

அராவி முடித்ததும் செயினை ஒரு தரம் பெற்றோலில் கழுவுங்கள், அரத்தூள் செயினுக்குள் நின்றால் பாரைத் தின்னும். பிறகு ஒயில். கராஜில் வடித்த பழைய எஞ்சின் ஒயிலைச் செயினுக்கு ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கம் எங்கும் இருக்கிறது, அதில் இருக்கிற இரும்புத்தூளை நீங்களே காசு கொடுக்காமல் பாருக்குள் விடுகிறீர்கள். செயினைக் கழற்றியிருக்கிற நேரம் பாரையும் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இரண்டு விளிம்பும் ஒரே சீராகத் தேயும்.

அரங்களை ஸ்பானர் பெட்டிக்குள் எறியாதீர்கள், ஒன்றோடொன்று உரஞ்சியே கெட்டுப்போகும். தனித்தனியாகக் காய்ந்த துணியில் சுற்றுங்கள். வடமராட்சிக் கரையில், தீவுப் பகுதியில் இருக்கிறவர்கள் இதில் இன்னும் கவனம், உப்புக் காற்றில் அரம் இரண்டு கிழமையில் துருப்பிடிக்கும், துருப்பிடித்த வட்ட அரத்தை ஒன்றும் செய்ய முடியாது. அரத்தில் ஒயில் பூசவும் வேண்டாம், ஒயில் பட்ட அரம் பல்லில் பிடிக்காது. ஒரே அளவில் மூன்று நான்கு அரமாக வாங்கி வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிடி போடுங்கள், வெறும் வாலைப் பிடித்துத் தள்ளினால் உள்ளங்கையில் ஏறும். யாழ்ப்பாணம் ரவுனிலோ சுன்னாகத்திலோ ஹாட்வெயார் கடைக்குப் போகும்போது செயினின் ஒரு துண்டையும் கைட்டையும் கையோடு கொண்டுபோய், அரத்தை அங்கேயே றோலரில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 4.8 கேட்டால் 5 மி.மீ. ஐ எடுத்து நீட்டி "இரண்டும் ஒண்டுதான்" என்று சொல்கிற கடைகளும் இருக்கின்றன.